ஹன்யூவா, பட்டனா, சென்னா? ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் என் வரிசை

கேள்வி இதுதான்: ஆண்கள் ஒற்றையர் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் எல்லாக் காலத்துக்குமான சிறந்த வீரர்களை வரிசைப்படுத்தினால் யார் யார் வருவார்கள்? பதக்கக் கணக்கை வைத்தே முடிவு செய்துவிடலாமா? அமெரிக்காவின் நேதன் சென் அத்தனை முறை ஜப்பானின் யுசுரு ஹன்யூவைத் தோற்கடித்த பிறகும் ஏன் எல்லோரும் ஹன்யூ பெயரையே சொல்கிறார்கள்?

பதக்கக் கணக்கு போதும் என்றால் வேலை சுலபம். உலகச் சாம்பியன் பட்டத்தைப் பத்து முறை வென்ற ஸ்வீடன்காரர் உல்ரிக் சால்கோவையும், ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிய அவர் நாட்டுக்காரர் கில்லிஸ் கிராஃப்ஸ்ட்ரோமையும் முதல் இரண்டு இடத்தில் போட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவர்கள் செய்ததும் இன்றைக்கு இந்தப் பசங்கள் செய்வதும் பெயரளவில்தான் ஒரே விளையாட்டு.

என் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டை போடலாம். முதல் இடம் யுசுரு ஹன்யூ. இரண்டாவது டிக் பட்டன். மூன்றாவது நேதன் சென். நான்காவது அலெக்ஸி யாகுடின், அவருக்கு மயிரிழை பின்னால் ஐந்தாவதாக எவ்ஜெனி பிளஷென்கோ. ஆறாவது ஜான் கரி. அதற்குக் கீழே கர்ட் பிரௌனிங், பிரையன் பொய்டானோ, கார்ல் ஷேஃபர், கிராஃப்ஸ்ட்ரோம் என்று போகும். அந்தக் கீழ்ப்பாதியை யாராவது மாற்றிப் போட்டால் நான் பெரிதாக வாதாட மாட்டேன்.

எதை வைத்து இப்படி? பெரிய மேடையில் ஜெயித்தாரா என்பதைப் பார்க்கத்தான் வேண்டும். அதைவிட நான் கூடுதலாகப் பார்ப்பது, அவர் வந்துபோன பிறகு மற்றவர்கள் வேறு மாதிரி ஸ்கேட் செய்தாக வேண்டிய நிலை வந்ததா என்பதை. காலம் தாண்டி ஒப்பிட எனக்குத் தெரிந்து வேறு நல்ல வழியில்லை. புள்ளிகளை ஒப்பிட முடியாது, எதிராளிகளை ஒப்பிட முடியாது, விதிகளே மூன்று முறை தலைகீழாக மாறியிருக்கின்றன.

அந்த விதி மாற்றத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்த விளையாட்டின் பெயரில் இருக்கும் 'ஃபிகர்' என்பது ஐஸ் மீது பிளேடால் வரையும் உருவங்கள். டூவீலர் லைசென்ஸுக்கு ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போடச் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதேதான். ஒற்றைக் காலில், பிளேடின் ஒரு விளிம்பில் நின்று எட்டு வரைய வேண்டும். பிறகு அதே கோட்டின் மேலேயே மறுபடி, மறுபடி. நடுவர்கள் குனிந்து, சில சமயம் மண்டியிட்டு, கோடு விலகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பல பத்தாண்டுகள் மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் இதற்குத்தான். இசையும் இல்லை, தாவலும் இல்லை, பார்வையாளர்கள் கொட்டாவி விட்டார்கள். தொலைக்காட்சி வந்ததும் இந்தப் பங்கு படிப்படியாகக் குறைந்து, 1990-க்குப் பிறகு சர்வதேசப் போட்டிகளிலிருந்து ஒரேயடியாக நீக்கப்பட்டது. மதிப்பெண்ணோ 6.0 என்ற உச்சத்தை வைத்து வழங்கப்பட்டு வந்தது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவில் நடுவர் ஊழல் வெடித்த பிறகு அதைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் தனித்தனி விலை வைக்கும் புள்ளி முறையைக் கொண்டுவந்தார்கள்.

சால்கோவின் பத்துப் பட்டங்களும் (1901 முதல் 1905 வரை, 1907 முதல் 1911 வரை) அந்த எட்டு போடும் காலத்துச் சொத்து. அவர் காலத்தில் போட்டிக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்றபோது, ரஷ்யாவின் நிகோலாய் பானின் நடுவர்கள் மேல் மனக்குறையோடு பாதியிலேயே விலகிக்கொண்டார். 'சிறப்பு உருவங்கள்' என்று தனியாக நடந்த பிரிவில் தங்கம் வாங்கிக்கொண்டு ஊர் போனார். சால்கோ பேரில் இன்றும் ஒரு தாவல் இருக்கிறது, அது பெரிய விஷயம்தான். பிற்பாடு சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்துக்கே தலைவராகவும் இருந்தார். ஆனாலும் என் முதல் பத்தில் அவருக்கு இடமில்லை. கிராஃப்ஸ்ட்ரோம் 1920, 1924, 1928 என்று மூன்று தங்கமும் 1932-இல் வெள்ளியும் வாங்கியவர். ஆண்கள் ஒற்றையரில் மூன்று தங்கம் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. ஆஸ்திரியாவின் ஷேஃபர் 1930 முதல் 1936 வரை தொடர்ந்து ஏழு உலகப் பட்டம், இரண்டு ஒலிம்பிக் தங்கம். அவர் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நீச்சலிலும் இறங்கியவர் என்பதையும் சொல்லிவைக்கிறேன், இந்தக் காலத்தில் நடக்கிற காரியமா அது.

இந்த விளையாட்டு இன்றைக்கு நாம் பார்க்கிற உருவத்துக்கு வரத் தொடங்கியது டிக் பட்டனிடமிருந்துதான். அமெரிக்கர். 1948-இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில், திறந்தவெளி ஐஸில், 18 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் அவர் செய்த டபுள் ஆக்சல்தான் போட்டியொன்றில் யாரும் செய்த முதல் டபுள் ஆக்சல். ஆக்சல் மட்டும் முன்னோக்கிப் பார்த்தபடி கிளம்பும் தாவல், இறங்குவதோ பின்னோக்கி. அதனால் மற்ற தாவல்களைவிட அரைச் சுற்று கூடுதல், டபுள் என்றால் இரண்டரைச் சுற்று. இதில் எனக்குப் பிடித்த விஷயம், பயிற்சியில் அந்தத் தாவல் அவருக்கு முதன்முறையாகச் சரியாக விழுந்ததே போட்டிக்கு முந்தின நாள்தான். எட்டு போடுவதில் ஏற்கனவே முன்னிலையில் இருந்தவர், பேசாமல் தெரிந்ததைச் செய்து தங்கத்தை வாங்கியிருக்கலாம். நேற்று வந்த தாவலை இன்றைக்கு ஒலிம்பிக்கில் போட்டார்.

நான்கு வருஷம் கழித்து ஆஸ்லோவில் மறுபடி அதே கதை. ஜெயிக்கத் தேவையே இல்லாத ட்ரிபிள் லூப்பைச் செய்து, போட்டியில் மூன்று சுற்றுத் தாவல் செய்த முதல் ஆள் ஆனார். காற்றில் பாய்ந்து சுழற்சிக்குள் இறங்கும் ஃப்ளையிங் கேமல் அவர் கண்டுபிடிப்பு. 1948 முதல் 1952 வரை தொடர்ந்து ஐந்து உலகப் பட்டம். 1948-இல் ஐரோப்பியச் சாம்பியன் பட்டத்தையும் ஓர் அமெரிக்கராக இருந்துகொண்டு தட்டிச் சென்றார். அதன் பிறகு அந்தப் போட்டியில் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். போட்டிகளை விட்ட பிறகு பல பத்தாண்டுகள் தொலைக்காட்சி வர்ணனையாளராக உட்கார்ந்து, கால் நீளாத சுழற்சியையும் அலங்கோலமான கைவீச்சையும் முகத்துக்கு நேரே விமர்சித்தார். 2025 ஜனவரியில், 95 வயதில் காலமானார்.

அப்படியிருக்க ஏன் முதல் இடம் தரவில்லை? போர்தான் காரணம். 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடக்கவில்லை. ஐரோப்பாவில் ஒரு தலைமுறையே பயிற்சியை இழந்திருந்தது; அதே காலத்தில் பட்டன் அமெரிக்காவில் தடையில்லாமல் ஸ்கேட் செய்துகொண்டிருந்தார். இது அவர் தப்பல்ல. ஆனால் எதிரே நின்றவர்களின் பலத்தைப் பார்க்கும்போது கொஞ்சம் கழித்துத்தான் ஆக வேண்டும்.

ஜான் கரியை ஆறாவது இடத்தில் போட்டதற்கு நிறையப் பேர் என்னைத் திட்டுவார்கள். ஒரே ஒரு ஒலிம்பிக் தங்கம், ஒரே ஒரு உலகப் பட்டம், இரண்டும் 1976-இல். நான்கு முறை உலகச் சாம்பியனான ஸ்காட் ஹாமில்டனை வெளியே வைத்துவிட்டு இவரையா என்று கேட்பார்கள். கேட்கட்டும். சிறுவயதில் கரிக்கு பாலே கற்றுக்கொள்ள ஆசை. ஆண்பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு என்று அப்பா மறுத்துவிட்டார். ஸ்கேட்டிங் விளையாட்டுக் கணக்கில் வந்ததால் அதற்கு அனுமதி கிடைத்தது. அந்தப் பையன் வளர்ந்து ஐஸில் பாலே ஆடினான் என்று சொன்னால் அது பாதிதான் சரி. தாவலுக்கு முன்னால் முதுகு எப்படி நிமிர்ந்திருக்க வேண்டும், இறங்கிய பிறகு விரல் நுனிவரை ஓட்டம் எப்படித் தொடர வேண்டும் என்பதை ஆண்கள் பிரிவில் ஒரு பிரச்சினையாகவே ஆக்கியவர் அவர். அதுவரை ஆண்கள் கையை வீசக் கூச்சப்பட்டார்கள். பெண்மைத்தனம் என்று நடுவர்களே முகம் சுளிப்பார்கள்.

அவர் சமகாலத்தவர் கனடாவின் டோலர் க்ரான்ஸ்டன், கரியைவிடவும் துணிச்சலான கலைஞர். எட்டு போடுவதில் பின்தங்கிப் பின்தங்கியே அவருக்கு உலகப் பட்டம் கிடைக்காமல் போனது, 1976-இல் வெண்கலத்தோடு நின்றார். கரியோ அந்த எட்டையும் கற்றுக்கொண்டு, தேவையான தாவல்களையும் சேர்த்துக்கொண்டு வந்தார். அந்த வெற்றிக் காலத்திலேயே அவர் ஒருபால் விருப்பம் கொண்டவர் என்ற செய்தி பத்திரிகையில் வந்தது. அந்த நாட்களில் அது எவ்வளவு பெரிய இடி என்று விளக்க வேண்டியதில்லை. பிறகு சொந்தமாக ஐஸ் நடனக் குழு நடத்தி, 1984-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கின் மேடைக்கே ஸ்கேட்டிங்கைக் கொண்டுபோனார். 1994-இல், 44 வயதில், எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தார்.

எண்பதுகளைக் கொஞ்சம் வேகமாகக் கடக்கிறேன். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் பிரையன் பொய்டானோவும் கனடாவின் பிரையன் ஓர்சரும் மோதியதை 'பிரையன்களின் போர்' என்றே அழைத்தார்கள். இருவரும் ராணுவ உடை பாணியில் வந்திருந்தார்கள், இருவரும் அருமையாக ஆடினார்கள். ஓர்சர் இரண்டாவது ட்ரிபிள் ஆக்சலை டபுளாகக் குறைத்துக்கொண்டார். நடுவர்கள் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்து தங்கம் பொய்டானோவுக்குப் போனது. அதே வருஷம் மார்ச்சில் புடாபெஸ்டில் நடந்த உலகப் போட்டியில் கர்ட் பிரௌனிங் நான்கு சுற்று டோ லூப்பைச் செய்தார். அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட முதல் குவாட் அதுதான். இறங்கிய பிறகு காலைக் கொஞ்சம் திருப்பித்தான் சமாளித்தார், ஆனாலும் கதவு திறந்துவிட்டது. பிரௌனிங் நான்கு முறை உலகச் சாம்பியன். மூன்று ஒலிம்பிக் போனார். எட்டாவது, ஆறாவது, ஐந்தாவது. ஒரு பதக்கம்கூட இல்லை. என் வரிசையில் ஏழாவது இடத்தில் நிற்கிறார் என்றால் அதற்கு முழுக் காரணம் அவர் கால் வேலை. ஐஸ் மேல் அவ்வளவு சரளமாக நடந்தவர்கள் குறைவு.

சரி, ரஷ்யர்களுக்கு வருவோம். அலெக்ஸி யாகுடினும் எவ்ஜெனி பிளஷென்கோவும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அலெக்ஸி மிஷின் என்ற ஒரே பயிற்சியாளரிடம் வளர்ந்தவர்கள். பிளஷென்கோ வோல்கோகிராட்டில் இருந்த ஸ்கேட்டிங் தளம் மூடப்பட்டுவிட்டதால் 11 வயதில் தனியாக அங்கே வந்து சேர்ந்த பையன். ஒரே தளத்தில் இரண்டு புலிகள் எத்தனை நாள்? யாகுடின் 1998-இல் கோபித்துக்கொண்டு டாட்டியானா தாராசோவாவிடம் போனார். அடுத்த நான்கு வருஷம் இருவரும் ஒருவரை ஒருவர் விரட்டிய விரட்டில்தான், குவாட் இல்லாமல் ஆண்கள் பிரிவில் பதக்கத்தை நினைக்கவே முடியாது என்ற நிலை வந்தது.

2002 சால்ட் லேக் சிட்டி. போட்டி இரண்டு ஆட்டமாக நடக்கும்: முதலில் சிறிய ஆட்டமான குறும்பகுதி, பிறகு நீளமான நெடும்பகுதி; இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு. குறும்பகுதியில் பிளஷென்கோ தன் குவாட்டில் விழுந்தார். யாகுடின் ஆடிய குறும்பகுதியின் கரு குளிர்காலம். தொடக்கத்தில் குனிந்து தளத்திலிருந்து ஐஸ் துகள்களை அள்ளிப் பனி மாதிரித் தூவுவார். கடைசியில் வரும் கால்வரிசையில், பிளேடின் முனையிலுள்ள பற்களாலேயே ஐஸைக் கொத்திக்கொண்டு ஓடுவார். வழுக்க வேண்டிய தளத்தில் ஒரு மனிதன் குதிகால் படாமல் ஓடுவதைப் பார்க்கும் அதிர்ச்சி இன்றும் குறையவில்லை. நெடும்பகுதியில் கலை மதிப்பெண்ணுக்கு நான்கு நடுவர்கள் முழு 6.0 போட்டார்கள். அந்த ஒரே பருவத்தில் கிராண்ட் ப்ரீ இறுதி, ஐரோப்பியப் பட்டம், ஒலிம்பிக், உலகப் பட்டம் நான்கையும் வென்றார். அதோடு இடுப்பு மூட்டு போய்விட்டது. அடுத்த ஆண்டே ஓய்வு. நான்கு உலகப் பட்டங்களையும் 22 வயதுக்குள் முடித்துக்கொண்டவர்.

பிளஷென்கோவின் கதை நேர் எதிர்: விடாப்பிடி. 2002 வெள்ளி, 2006 டூரினில் இரண்டாம் இடத்துக்காரரை 27 புள்ளிக்கு மேல் பின்னால் தள்ளிய தங்கம், 2010 வான்கூவரில் வெள்ளி, 2014 சோச்சியில் 31 வயதில் குழுப் போட்டித் தங்கம். வான்கூவரில் குவாட்டே செய்யாத இவான் லைசாசெக்கிடம் 1.31 புள்ளியில் தோற்றார். பரிசளிப்பின்போது தங்கத்துக்கான படியில் ஏறி இறங்கித்தான் தன் படிக்குப் போனார், அந்த ஆளின் குணம் அதில் மொத்தமாக இருக்கிறது. குவாட் வேண்டுமா வேண்டாமா என்று அப்போது எழுந்த சர்ச்சையில் வரலாறு பிளஷென்கோ பக்கம்தான் சாய்ந்தது. குவாட் இல்லாமல் ஒலிம்பிக் தங்கம் வென்றவர் அதற்குப் பிறகு யாரும் இல்லை. அப்புறம் ஏன் யாகுடினுக்குக் கீழே? இருவரும் தங்கள் உச்சத்தில் நேருக்கு நேர் நின்ற அந்த ஒலிம்பிக்கில் யாகுடின் ஜெயித்தார். பிளஷென்கோவின் பிற்காலத்து ஆட்டங்களில் ஒரு தாவலுக்கும் இன்னொரு தாவலுக்கும் நடுவே வெறும் ஓட்டம்தான் இருந்தது. நீண்ட காலம் நின்றதை மட்டும் பார்த்தால் அவர் மேலே வருவார். அப்படிப் போடுபவர்களோடு எனக்குப் பகையில்லை.

இனி நீங்கள் உண்மையில் கேட்க வந்த விஷயம். ஹன்யூவா, சென்னா?

முதலில் சென்னுக்கான வழக்கைப் பலமாகவே வைக்கிறேன். 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் குறும்பகுதியில் எல்லாம் சொதப்பி 17-ஆவது இடத்துக்குப் போனார், வயது 18. மறுநாள் நெடும்பகுதியில் ஆறு குவாட் முயன்று 215.08 எடுத்து மொத்தத்தில் ஐந்தாவதாக முடித்தார். அன்றைய நெடும்பகுதியில் அதுதான் எல்லோரையும்விட அதிகம், தங்கம் வென்ற ஹன்யூவையும் சேர்த்து. அதற்குப் பிறகு 2021 அக்டோபர் வரை, மூன்றரை ஆண்டுக்கும் மேலாக, அவர் தோற்கவே இல்லை. இதில் பெரும்பகுதியை யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே செய்தார். 2019-இல் சைதாமாவில், ஹன்யூவின் சொந்த நாட்டில், அவர் ரசிகர்கள் நிறைந்த அரங்கில் 323.42-க்கு 300.97 என்று அவரை வென்றார். அதே ஆண்டு டூரினில் 335.30. பிறகு ஸ்டாக்ஹோமில் ஒரு முறை, பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒரு முறை. பெய்ஜிங்கில் குறும்பகுதியில் 113.97 என்ற உலக சாதனை, நெடும்பகுதியில் ஐந்து குவாட், இரண்டாம் இடத்துக்காரரைவிட 22 புள்ளி அதிகம். கடைசியாகச் சந்தித்த நான்கு முறையும் சென்தான் ஹன்யூவுக்கு மேலே. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹன்யூவின் முதல் ஒலிம்பிக் தங்கம், 2014 சோச்சி, அழகான வெற்றி கிடையாது. குறும்பகுதியில் 101.45 எடுத்து, 100-ஐத் தாண்டிய முதல் ஆள் ஆனார், சரி. நெடும்பகுதியில் இரண்டு முறை விழுந்தார். அடுத்து வந்த பேட்ரிக் சான் நிதானமாக ஆடியிருந்தால் தங்கம் கனடாவுக்குப் போயிருக்கும், சானும் தடுமாறினார். மூன்று முறை உலகச் சாம்பியனான சானுக்கு ஒற்றையர் ஒலிம்பிக் தங்கம் கிடைக்காமலே போனது அந்த இரவில்தான்.

இவ்வளவு தெரிந்தும் ஹன்யூவை மேலே வைக்கிறேன்.

2015 நவம்பரையும் டிசம்பரையும் பாருங்கள். அதுவரை உலக சாதனை சான் எடுத்த 295.27. முந்நூறு என்பது யாரும் தொடாத எண். நாகானோவில் நடந்த என்.எச்.கே. கோப்பையில் ஹன்யூ 322.40 எடுத்தார். பழைய சாதனையை ஒரே தாண்டலில் 27 புள்ளி தாண்டினார். இரண்டு வாரம் கழித்து பார்சலோனாவில் 330.43. சாதனை என்பது அரைப் புள்ளி, ஒரு புள்ளி என்று நகர்வதுதான் எந்த விளையாட்டிலும் வழக்கம். இந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு மற்ற பயிற்சியாளர்கள் எல்லோரும் தங்கள் பையன்களின் நிகழ்ச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. ஐந்து குவாட், ஆறு குவாட் என்று சென் போனதற்கும் பின்னால் இருந்த நெருக்கடி அதுதான்.

இதிலே ஒரு எச்சரிக்கை: 330.43-ஐயும் 335.30-ஐயும் பக்கத்தில் வைத்து 'சென் ஐந்து புள்ளி அதிகம்' என்று சொல்லாதீர்கள். 2018-இல் விதிகள் மாறின. நெடும்பகுதி நாலரை நிமிஷத்திலிருந்து நான்கு நிமிஷமானது, எட்டுத் தாவல் ஏழானது, குவாட்களின் அடிப்படை விலை குறைந்தது, தரத்துக்கு நடுவர்கள் கூட்டவும் குறைக்கவும் தரும் அளவு மூன்றிலிருந்து ஐந்தாக விரிந்தது. சாதனைப் பட்டியலையே மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். சென்னின் எண் புதுப் பட்டியலில் இருக்கிறது, ஹன்யூவின் எண் பழைய பட்டியலில்.

எண்களை விடுவோம். ஹன்யூவின் ட்ரிபிள் ஆக்சலை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஆக்சலுக்கு ஒரு வீரர் நீளமாகப் பின்னோக்கி வளைந்து வருவார், தோளைச் சரிசெய்வார், மூச்சைப் பிடிப்பார், பிறகு முன்னால் திரும்பித் தாவுவார். இதோ தாவப்போகிறார் என்று நமக்கு நான்கைந்து நொடி முன்பே தெரிந்துவிடும். ஹன்யூ ஒற்றைக் காலில் பின்னோக்கி ஓடியபடியே பிளேடைச் சட்டென்று திருப்பும் ஒரு திருப்பத்திலிருந்து நேராகத் தாவிவிடுவார். ஆயத்தம் என்று ஒன்றே இல்லை. இறங்கியதும் நின்று மூச்சு வாங்க மாட்டார். இறங்கிய காலிலேயே அடுத்த சுழல் அடி தொடங்கிவிடும். பாட்டின் நடுவே தாவல் வந்து போன மாதிரி இருக்கும். கரியின் நிமிர்ந்த முதுகும் பிளஷென்கோவின் தாவலும் ஒரே உடம்பில் சேர்ந்தது இவரிடம்தான். சென்னின் கலையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது, பெய்ஜிங் நேரத்துக்கு அவர் எவ்வளவோ வளர்ந்திருந்தார். ஆனாலும் அவருடைய மிகப் பெரிய ஆட்டங்களில் நம் கை விரல் குவாட்களை எண்ணிக்கொண்டிருக்கும். ஹன்யூ ஆட்டத்தில் எண்ண மறந்துபோகும்.

பிறகு பியாங்சாங். 2017 நவம்பரில் குவாட் லட்ஸ் பயிற்சியில் விழுந்து வலது கணுக்காலில் தசைநார் கிழிந்தது. எல்லாத் தாவலுக்கும் அவர் இறங்கும் கால் அதுதான். போட்டியே இல்லாமல் மூன்று மாதம் இருந்துவிட்டு நேராக ஒலிம்பிக்குக்கு வந்தார். குறும்பகுதியில் பிசிறில்லாத 111.68. நெடும்பகுதியில் பழைய ஜப்பானின் ஹெய்யான் காலத்து ஜோதிட மந்திரவாதி அபே நோ செய்மெய்யாக வந்தார். முதல் பாதி கல்வெட்டு. பின்பாதியில் ஒரு குவாட்டில் தடுமாறினார். கடைசி ட்ரிபிள் லட்ஸில் உடம்பு முன்னால் சரிந்து, விழுந்தேவிட்டார் என்று அரங்கம் மூச்சை இழுத்த கணத்தில் அந்த வலது காலாலேயே பிடித்து நின்றார். மொத்தம் 317.85. முடிந்ததும் குனிந்து அந்தக் கணுக்காலைத் தடவிக்கொடுத்தார். பட்டனுக்குப் பிறகு 66 ஆண்டு கழித்து, அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆள் ஆனார்.

அவர் ஜப்பானின் செண்டாய் நகரத்துக்காரர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2011 மார்ச் 11 பூகம்பத்தின்போது 16 வயதில் பயிற்சித் தளத்தில் இருந்தார். ஸ்கேட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வெளியே ஓடினார். தளம் சேதமாகி மூடப்பட்டதால், ஊர் ஊராக ஐஸ் நிகழ்ச்சிகளில் ஆடி அதையே பயிற்சியாக வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு டொராண்டோ போய் ஓர்சரிடம் சேர்ந்தார். ஆமாம், கால்கரியில் ஒரு வாக்கில் தங்கத்தை விட்ட அதே பிரையன் ஓர்சர். அவர் மாணவர் கையால் இரண்டு தங்கம் வந்தது.

2022 பெய்ஜிங்கில் மூன்றாவது தங்கத்துக்கான வாய்ப்பு குறும்பகுதியிலேயே போய்விட்டது. சால்கோ தாவலுக்குக் கிளம்பும் இடத்தில் ஐஸில் இருந்த ஒரு குழியில் பிளேடு மாட்டிக்கொண்டு, குவாட் ஒற்றைச் சுற்றாக முடிந்தது, அந்தத் தாவலுக்குப் பூஜ்யம். எட்டாவது இடம். நெடும்பகுதியில் அவர் முயன்றது அதுவரை யாரும் செய்யாத குவாட் ஆக்சல், நாலரைச் சுற்று. கணக்குப் பார்த்தால் இது வீண் முயற்சி: புது விலைப்பட்டியலில் குவாட் ஆக்சலுக்கு 12.50, அதைவிட எத்தனையோ சுலபமான குவாட் லட்ஸுக்கு 11.50. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்துக்காக யாரும் கணுக்காலைப் பணயம் வைக்க மாட்டார்கள். விழுந்தார், சுற்று முழுமையாகவில்லை, நான்காவதாக முடித்தார். ஆனால் குவாட் ஆக்சல் என்று நடுவர் குறிப்பில் முதன்முதலாக ஏறியது அந்த முயற்சிதான். 1948-இல் முந்தின நாள் வந்த தாவலை ஒலிம்பிக்கில் போட்ட பட்டனும் இவரும் ஒரே ஜாதி. என் வரிசையின் முதல் இரண்டு இடமும் இவர்களுக்குப் போனது தற்செயல் இல்லை.

கேள்வியில் இல்லாவிட்டாலும் இலியா மாலினின் பெயர் வரும், அதனால் சொல்லிவிடுகிறேன். ஹன்யூ விழுந்த அதே ஆண்டு செப்டம்பரில், லேக் பிளாசிடில், 17 வயதில் குவாட் ஆக்சலைச் சுத்தமாக இறக்கியவர். 2024-இல் மாண்ட்ரியலில் நெடும்பகுதியில் 227.79 எடுத்து உலகப் பட்டம், 2025-இல் பாஸ்டனில் மறுபடி. தாவல் மட்டும் என்றால் வரலாற்றிலேயே அவருக்கு இணை இல்லை, இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரை இந்த மாதிரி வரிசையில் நான் சேர்ப்பதில்லை. யாகுடின் 22 வயதில் எல்லாம் முடித்தார், பிளஷென்கோ 31 வரை நீட்டினார். யாருடைய பாதை எது என்று நடுவிலே நின்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு வீடியோ தேடப் போகிறவர்கள் மூன்றில் தொடங்குங்கள்: 1976 இன்ஸ்ப்ரூக்கில் கரியின் நெடும்பகுதி, 2002-இல் யாகுடினின் குறும்பகுதி, 2018-இல் ஹன்யூவின் நெடும்பகுதி. காற்றில் எத்தனை சுற்று என்று எண்ணுவதை வர்ணனையாளரிடம் விட்டுவிடுங்கள், எப்படியும் மறுஒளிபரப்பில் காட்டுவார்கள். தாவலுக்கு முந்தைய இரண்டு நொடியும் இறங்கிய பிறகு வரும் இரண்டு நொடியும் கால் என்ன செய்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் சென்தான் முதல் இடம் என்று தோன்றினால், பேசலாம்.